நகரி கடையில் மிஞ்சிய ஆறு டேப்கள்

ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் மைத்துனர் கடையின் சரக்கை எண்ணி எழுதிக் கொடுப்பது என் வேலை. நகரியில், ஏகாம்பரகுப்பம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அவருடைய மொபைல் கடை. நான் இந்தப் பக்கம் திருத்தணியில் இருந்துகொண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்தச் சரக்குப் பட்டியலில் பல வருடங்களாக ஒரு வரி மட்டும் மாறவே இல்லை: ‘7 அங்குல டேப் – 6’. டேப் என்றால் டேப்லெட், தொடுதிரைக் கணினி. எத்தனையோ போன்கள் வந்தன, போயின. மெமரி கார்டு வாங்குவோர் குறைந்தார்கள். பட்டன் போன் போய்த் திரும்பவும் வந்தது. இந்த ஆறு மட்டும் அட்டைப் பெட்டியோடு பரண் மேலேயே கிடந்தன.

அவை எப்படி மிஞ்சின என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒரு கடைக்காரரின் அவசரபுத்தி என்றுதான் நினைத்தேன். உலகச் சந்தையின் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தபோது, இதே தப்பைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாகச் செய்தவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. அவர்களிடம் ஆய்வுக் குழுக்கள் இருந்தன. என் மைத்துனருக்கு சென்னை ரிச்சி தெருவில் ஒரு மொத்த வியாபாரி இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் லேப்டாப்

நகரி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் விசைத்தறி ஓடும் தெருக்களில் காதில் விழுவது பாதிக்கு மேல் தமிழ்தான். பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் திருத்தணி, பள்ளிப்பட்டு, அரக்கோணம் பக்கம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, சாமான் வாங்க சென்னை.

இது டேப் கதைக்கு எதற்கு என்றால், முதல் வியாபாரமே எல்லைக் கோட்டால் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. திருத்தணியில் படிக்கும் அத்தை மகனுக்கு லேப்டாப் வந்துவிட்டது. நகரியில் இருக்கும் மாமன் மகனுக்கு இல்லை, ஏனென்றால் அவன் வேறு மாநிலம். பொங்கலுக்கு ஒன்றுகூடிய வீடுகளில் இது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

லேப்டாப் அப்போது இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம். தறிக்காரக் குடும்பத்தால் சட்டென்று எடுத்து வைக்க முடிகிற காசு இல்லை. அந்த நேரத்தில்தான் நம் நாட்டுக் கம்பெனிகள் சீனாவிலிருந்து வரவழைத்துத் தங்கள் பெயர் போட்ட 7 அங்குல டேப்கள் ஆறேழு ஆயிரத்துக்கு வந்தன. 2012 ஏப்ரலில் மைக்ரோமேக்ஸ் ஃபன்புக் ₹6,499-க்கு வந்தது. பெயர் தெரியாத கம்பெனிகளின் டேப்கள் இன்னும் மலிவு. “லேப்டாப் மாதிரிதான், விரலால தொட்டா போதும்” என்று சொல்லி விற்கலாம்.

2012 தீபாவளிக்கு மைத்துனர் ரிச்சி தெருவிலிருந்து பன்னிரண்டு டேப் எடுத்து வந்தார். ஒன்று ₹4,200-க்கு எடுத்து ₹5,500-க்கு விற்றார். பத்தே நாளில் எல்லாம் போயிற்று. ₹15,600 லாபம். ரீசார்ஜில் அந்தக் காசைப் பார்க்க அவருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் சீட்டு எடுத்தார். சீட்டுப் பணம் மொத்தத்தையும் டேப்பில் போடப் போவதாக வந்து நின்றார்.

“அறுபது பீஸ் எடுக்கறேன் மாமா. இனிமே எல்லாமே டேப்தான். கம்ப்யூட்டர் கதை முடிஞ்சுபோச்சு.”

“யாருப்பா சொன்னது?”

“பேப்பர்லயே போட்டிருக்கான் மாமா.”

பேப்பரில் போட்டிருந்தது உண்மைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பேப்பரில் என்ன போட்டிருந்தது

டேப்லெட் பற்றிய ஆரூடங்கள் ஐபேடுக்கு முன்பே தொடங்கிவிட்டன. 2001 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ், இன்னும் ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லெட்டாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த ஆண்டு அதற்கென்றே ஒரு விண்டோஸ் பதிப்பும் வந்தது. 2006 வந்து போயிற்று. அந்தக் கனமான, பேனாவால் எழுதும் கணினியைச் சீந்துவார் இல்லை.

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டியபோது, இது பெரிதாக்கிய ஐபாட் டச் என்று கேலி செய்தவர்கள் ஏராளம். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதல் நாளில் 3 லட்சம், 28 நாளில் 10 லட்சம், 80 நாளில் 30 லட்சம் விற்றது. கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கூடவே யோசிப்பதையும் நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அதன் பிறகு வந்த ஆரூடங்கள் எல்லாம் மேலே போகும் கோட்டை ஸ்கேல் வைத்து அப்படியே நீட்டியவை.

அந்த ஜூன் மாதம் ஜாப்ஸ் ஓர் உவமை சொன்னார். நாடு விவசாய நாடாக இருந்தபோது வண்டி என்றாலே லாரி வகைதான், நகரங்கள் வந்த பிறகு கார் பெருகியது, கணினியும் இனி லாரி மாதிரி ஆகிவிடும், சிலருக்கு மட்டுமே தேவைப்படும் என்றார். நல்ல உவமைதான். ஆனால் சென்னை–திருப்பதி சாலையில் நின்று பார்க்கிற எங்களுக்கு, லாரி குறையும் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஜாப்ஸே ஓர் ஆரூடத்தில் சறுக்கினார். 2010 அக்டோபரில், 7 அங்குல டேப்கள் வரும்போதே செத்துத்தான் வரும், அவற்றோடு விரலைத் தேய்த்துச் சிறிதாக்க உப்புக் காகிதமும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கிண்டலடித்தார். அவர் இறந்து ஓராண்டுக்குப் பிறகு, 2012 அக்டோபர் 23 அன்று, அவருடைய கம்பெனியே 7.9 அங்குல ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. இடையில் அமேசான் கிண்டில் ஃபயரும் கூகுள் நெக்சஸ் 7-உம் 199 டாலருக்கு 7 அங்குலத்தில் வந்து சந்தையை அள்ளியிருந்தன.

2013-க்கு வருவோம். மைத்துனர் சீட்டு எடுத்த வருடம். ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம், 2015-க்குள் ஆண்டு விற்பனையில் டேப்லெட் கணினியை முந்திவிடும், 2017-ல் சுமார் 35 கோடி டேப்லெட்டுகள் போகும் என்று கணித்தது. கார்ட்னர் என்ற இன்னொரு ஆய்வு நிறுவனம் இன்னும் தாராளமாகச் சொன்னது. ஆப்பிளின் டிம் குக் அதற்கு முந்தைய ஆண்டே, டேப்லெட் சந்தை கணினிச் சந்தையைவிடப் பெரிதாகும் நாள் வரும் என்று சொல்லிவிட்டிருந்தார். ரிச்சி தெரு மொத்த வியாபாரியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்து.

அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் கணக்கு பலித்துவிடும் போலத்தான் இருந்தது. உலகம் முழுக்கச் சுமார் 7.7 கோடி டேப்லெட், 8.2 கோடி கணினி. கழுத்தளவு வந்துவிட்டது. அதோடு சரி. 2014-ல் ஏறக்குறைய 23 கோடி டேப்லெட் என்பதுதான் உச்சம். 2015-ல் 20.7 கோடி, 2016-ல் 17.5 கோடி. 35 கோடி என்று சொன்ன 2017-ல் 16.35 கோடி. அதே ஆண்டு ‘கதை முடிந்துபோன’ கணினி சுமார் 26 கோடி விற்றது.

எதிர்ப் பக்கம் நின்றவரும் தப்பவில்லை. பிளாக்பெரியின் தலைவர் தார்ஸ்டன் ஹைன்ஸ், இன்னும் ஐந்து ஆண்டில் டேப்லெட் வைத்திருக்கவே ஒரு காரணமும் இருக்காது என்று 2013 ஏப்ரலில் சொன்னார். ஐந்து ஆண்டு கழித்து 2018-ல் உலகம் 14.6 கோடி டேப்லெட் வாங்கியது. அவர் கசப்பில் பேசினார் என்றும் சொல்லலாம். அவருடைய கம்பெனியின் பிளேபுக் டேப் தேங்கிப்போய், 2011 டிசம்பரில் 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

நோட்டில் இருந்தது

அறுபது டேப்பின் கணக்கு இதோ. ஆடி மாதம் வரை ₹5,500-க்குப் போனவை 23. அப்புறம் ஒரு மாதம் ஒன்றுகூட நகரவில்லை. விலையை ₹3,500-க்கு இறக்கியதும் 17 போயிற்று. கடைசியில் ₹2,000-க்கு 14. மிஞ்சியது ஆறு. போட்டது ₹2,52,000, வந்தது ₹2,14,000. நஷ்டம் ₹38,000. சீட்டுத் தள்ளிய கழிவு தனி. என் தங்கை மாதிரியான அவர் மனைவி இதைப் பற்றி என்னிடம் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

(ஆறுதலுக்குச் சொல்கிறேன்: எச்பி கம்பெனி 2011 ஜூலை 1 அன்று 499 டாலருக்கு டச்பேடைக் கொண்டுவந்து, ஆகஸ்ட் 18-ல் நிறுத்தி, 99 டாலருக்குத் தள்ளிவிட்டது. ஐம்பது நாள்கூட ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் விற்காத சர்ஃபேஸ் ஆர்டி டேப்களுக்காக 2013-ல் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதியது. மைத்துனர் பரவாயில்லை.)

ஆனால் எனக்குப் பயன்பட்டது அவருடைய பேரேடு இல்லை, வாரண்டி நோட்டு. வாங்குகிறவர் பெயர், போன் நம்பர், பக்கத்தில் சின்னதாக யாருக்கு என்று எழுதி வைத்திருந்தார். கேட்டேன். உறை என்ன நிறம் கொடுப்பது என்பதற்காகவாம். பெண் பிள்ளை என்றால் ரோஸ், மற்றவர்களுக்குக் கறுப்பு.

முழு விலை கொடுத்து வாங்கிய 35 பேரை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு 21. அப்பா, அம்மா, மாமனாருக்கு 7. கல்யாணம், மஞ்சள் நீராட்டுப் பரிசாக 3. தனக்கே வாங்கியவர்கள் நான்கு பேர்தான்.

போன் அப்படி இல்லை. போனை வாங்குகிறவர்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறவர். டேப்பைத் தன் காசில் தனக்கென்று வாங்குகிற ஆள் எங்கள் பக்கம் அபூர்வம். அது ஆளுக்கொன்று வாங்கும் சாமான் இல்லை. வீட்டுக்கு ஒன்று வாங்குகிற, டிவி மாதிரியான, மிக்ஸி மாதிரியான சாமான். ஒரு வீட்டில் ஐந்து போன் இருக்கும், ஐந்து மிக்ஸி இருக்காது. 35 கோடி என்று கணித்தவர்கள் போனுக்கு வரைந்த கோட்டை மிக்ஸிக்கு வரைந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. அந்த 35 பேரில் 2019 வரை இரண்டாவது டேப் வாங்க ஒருவர்கூட வரவில்லை. அதே ஆட்கள் அதற்குள் இரண்டு, மூன்று போன் மாற்றியிருந்தார்கள். போன் பாக்கெட்டிலேயே இருக்கிறது, கீழே விழுகிறது, தண்ணீரில் விழுகிறது, பேட்டரி தேய்கிறது. டேப் பீரோ மேல் பத்திரமாக இருக்கிறது. நல்ல டேப் கெடுவதே இல்லை. 2011-ல் வந்த ஐபேட் 2-க்கு 2016 வரை மென்பொருள் புதுப்பிப்பு வந்துகொண்டிருந்தது. அதை வைத்திருந்தவர் எதற்காகப் புதிது வாங்குவார்? ஐபேட் விற்பனையிலேயே இது தெரிந்தது. 2013 நிதியாண்டில் 7.1 கோடி விற்றது, 2016-ல் 4.56 கோடிக்கு இறங்கியது. முதல் தடவை வாங்குகிற கூட்டத்தைப் பார்த்து, வருடா வருடம் இதே கூட்டம் வரும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். புது ஹோட்டல் திறந்த முதல் வாரக் கல்லாவை வைத்து வருட வருமானம் போடுவது போல.

அந்த நான்கு பேர்

தனக்கே வாங்கிய நான்கு பேரையும் தேடிப் பிடித்தேன். சின்ன ஊர்தானே.

ஒருவர் துணி வியாபாரி. தறியில் இறங்கிய துணி மாதிரிகளைப் படம் எடுத்து, சென்னைக்கும் ஈரோட்டுக்கும் கொண்டுபோய்க் கடைக்காரர்களுக்குக் காட்டுவதற்கு வாங்கினார். மாதிரித் துணி மூட்டையைச் சுமக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார். இரண்டே வருடம். அப்புறம் எல்லாரும் வாட்ஸாப்புக்கு வந்துவிட்டார்கள். படத்தை அனுப்பினால் போதும், ஆளே போக வேண்டாம். டேப்பின் வேலையைப் போன் பறித்தது என்று சொல்வார்கள். இவர் விஷயத்தில் பயணத்தையே பறித்துவிட்டது.

இன்னொருவர் எல்ஐசி முகவர். பிரீமியம் அட்டவணையைக் காட்டத்தான் வாங்கினார். 5.5 அங்குலப் போன் வாங்கியதும் டேப்பைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாமவர் டேப்பையே போனாக வைத்துக்கொண்டிருந்தவர். இது எல்லை ஊருக்கே உரிய விஷயம். அந்த நாளில் இங்கே எல்லாருக்கும் இரண்டு சிம் வேண்டும். ஆந்திர நம்பர் ஒன்று, தமிழ்நாட்டு நம்பர் ஒன்று. வீட்டு வாசலில் நின்று பேசினாலே சில சமயம் பக்கத்து மாநில டவர் பிடித்து ரோமிங் காசு போய்விடும். இரண்டு சிம் போட்டுப் பேச முடிகிற டேப் என்றால் இங்கே தனி மவுசு. ஐபேடில் பேச முடியாது என்றதும், 2011 ஜனவரியில் இந்தியாவுக்கு ₹27,900-க்கு வந்த அந்தப் பெரிய சாமானை எங்கள் ஊர் ஆட்கள் ‘பேச முடியாத போன்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். 7 அங்குலத்தைக் காதில் வைத்துப் பேசுகிறவரைப் பார்த்தால் முறத்தால் முகத்தை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இவரைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. டேப்பை அழித்தது கணினி இல்லை, கீழேயிருந்து வளர்ந்த போன். 2011-ல் சாம்சங் 5.3 அங்குல கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது, இவ்வளவு பெரிய போனா என்று உலகமே சிரித்தது. 2014 செப்டம்பரில் ஆப்பிளே 5.5 அங்குலத்தில் ஐபோன் 6 பிளஸ் கொண்டுவந்தது. இந்தியாவில் 2016 மார்ச்சில் அதே 5.5 அங்குலம் ரெட்மி நோட் 3-ல் ₹9,999-க்கு வந்துவிட்டது. செப்டம்பரில் ஜியோ வந்தது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, வீடியோ காலில் துபாய் மகனைப் பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே சாமான். 7 அங்குலத்துக்கும் ஐந்தரை அங்குலத்துக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அந்த இடைவெளிக்காக யார் இன்னொரு சாமானைச் சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பார்கள்? நம்ம ஆளும் 2016 தீபாவளிக்குப் பெரிய போனுக்கு மாறிவிட்டார்.

நான்காமவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கண்புரை அறுவைக்குப் பிறகு பேப்பர் எழுத்து தெரியவில்லை. டேப்பில் தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தை விரலால் விரித்து எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார். இன்றும் படிக்கிறார், அதே டேப்பில். ஆரூடம் சொன்ன யாருடைய பட்டியலிலும் இந்த மாதிரி வாடிக்கையாளர் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏன் நின்றது

ஆடிக்குப் பிறகு விற்பனை நின்றதற்கு மைத்துனர் ஒரு காரணம் சொல்வார்: ‘அரசாங்க டேப்.’ 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் மாணவர்களுக்கான ஆகாஷ் டேப்பை வெளியிட்டார். (ஜாப்ஸ் அமெரிக்காவில் இறந்ததும் அதே தேதியில்.) அரசு ஒன்றுக்குக் கொடுத்த விலை ஏறக்குறைய ₹2,276. மாணவருக்கு மானியம் போக 35 டாலர், அதாவது அன்றைய கணக்கில் ₹1,750 அளவு. சாமான் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. ஆனால் விலை வந்துவிட்டது, எல்லார் வாயிலும். “இன்னும் கொஞ்ச நாள்ல அரசாங்கமே ரெண்டாயிரத்துக்குத் தருதாமே, நீங்க என்ன ஐயாயிரம் சொல்றீங்க?” என்று கேட்டால் கடைக்காரர் என்ன பதில் சொல்வார்? முதல் ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 எம்பி நினைவகம், நகத்தால் அழுத்தினால்தான் நகரும் திரை. வாங்கியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். வாங்காததால் காத்திருந்தார்கள்.

இந்தக் காரணம் உண்மைதான். ஆனால் முழுக் காரணம் இல்லை. எனக்குப் படுவது வேறு. முதல் பன்னிரண்டும் லேப்டாப்புக்கு மாற்றாக விற்றவை. ஆறு மாதத்தில் வீடுகளுக்கு அது மாற்று இல்லை என்று தெரிந்துவிட்டது. திருத்தணிப் பையன் லேப்டாப்பில் புராஜெக்ட் அடித்துப் பிரிண்ட் எடுக்கிறான், சி மொழி கற்றுக்கொள்கிறான். நகரிப் பையன் டேப்பில் பழம் வெட்டும் விளையாட்டு விளையாடுகிறான். அந்த மலிவு டேப்களில் சிலவற்றில் தமிழும் தெலுங்கும் கட்டங் கட்டமாகத்தான் தெரிந்தன. சார்ஜர் ஊசி மூன்று மாதத்தில் ஆட்டம் கண்டது. தறித் தெருவில் ஒரு பொருள் நல்லதா இல்லையா என்ற செய்தி பரவ நாள் கணக்கு வேண்டியதில்லை, தறி நின்ற நேரம் போதும்.

2013 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருள்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயமானது. பெயர் தெரியாத கம்பெனிகள் பல அத்தோடு காணாமல் போயின. பழுது பார்க்கக் கொடுத்தால் வாங்க ஆள் இல்லை. வாரண்டி நோட்டு வெறும் நோட்டாகிவிட்டது.

2020: ஆசை வந்தது, சாமான் செத்திருந்தது

கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் போனுக்குள் வந்துவிட்டது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளை, ஒரு போன், அதுவும் அப்பாவோடு வெளியே போய்விடும். ஏழு வருடமாக யாரும் கேட்காத டேப்பை ஜூன் மாதம் ஒரே வாரத்தில் பதினைந்து பேர் கேட்டார்கள். எல்லா ஊரிலும் இதே கதைதான். 2019-ல் 14.4 கோடிக்கு இறங்கியிருந்த உலக விற்பனை 2020-ல் 16.4 கோடிக்கு ஏறியது.

மைத்துனர் பரண் மேல் ஏறினார். என்னைப் போனில் கூப்பிட்டபோது அவர் குரலில் இருந்த உற்சாகத்தை மறக்க முடியாது. அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்.

“நாலு டேப் பேட்டரி உப்பி வெளிய வந்திருக்கு மாமா. ரெண்டுதான் ஆன் ஆவுது.”

“ரெண்டாவது ஆவுதே. வித்துடேன்.”

“கிளாஸ் ஆப்பு ஏறமாட்டேங்குது. பழைய ஆண்ட்ராய்டாம். ஏத்துக்காதாம்.”

சந்தை திரும்பி வந்தபோது சரக்கு அவரிடம்தான் இருந்தது, ஆனால் அது வேறு காலத்துச் சரக்கு. டேப் கெடுவதே இல்லை என்று மேலே எழுதினேன். பீரோ மேல் சார்ஜ் போட்டுப் பயன்படுத்துகிற நல்ல டேப் கெடுவதில்லை. பரண் மேல் சார்ஜ் இல்லாமல் ஏழு வருடம் கிடந்த மலிவு டேப் கெடும்.

அதற்குள் உலகில் ஆரூடக்காரர்கள் மறுபடி கோடு நீட்டத் தொடங்கியிருந்தார்கள். இனி வீட்டிலிருந்தே படிப்பு, வீட்டிலிருந்தே வேலை, டேப்புக்கு மறுபிறவி என்றார்கள். 2021-ல் 16.9 கோடி. 2023-ல் 12.85 கோடி. மைத்துனர் இந்தத் தடவை சீட்டு எடுக்கவில்லை.

காசு கொடுத்தவர் வேறு

2022 டிசம்பர் 21 அன்று ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, பாபட்லா மாவட்டம் யட்லபள்ளியில், அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஆசிரியர்களையும் சேர்த்து 5.18 லட்சம் டேப்கள். 8.7 அங்குலம், பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனத்தின் பாடங்கள் உள்ளே. அடுத்த ஆண்டும் நான்கு லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள்.

பதினொரு வருடத்தில் எல்லைக் கதை தலைகீழாகிவிட்டது. அப்போது நகரிப் பிள்ளை கையில் புது டேப், திருத்தணிப் பிள்ளை வெறுங்கை. தமிழ்நாட்டில் லேப்டாப் திட்டம் கொரோனாவோடு நின்றுபோயிருந்தது. அத்தை வீட்டுக்குப் போகும்போது நகரிப் பிள்ளைகள் டேப்பை மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

டேப்பின் உண்மையான வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வாரண்டி நோட்டில் 35-க்கு 31 பேர் அடுத்தவருக்கு வாங்கினார்கள். அந்த ‘அடுத்தவருக்கு வாங்குகிறவர்’ இப்போது அரசாகவும் பள்ளியாகவும் கம்பெனியாகவும் பெரிதாகியிருக்கிறார். ஹோட்டலில் ஆர்டர் எடுப்பவர் கையில், வங்கிக் கணக்கு தொடங்க வீட்டுக்கு வருபவர் கையில் இருப்பதும் அவர்கள் காசில் வாங்கியது இல்லை. தன் காசில் தனக்கு வாங்குகிற சின்னக் கூட்டமும் உண்டு. வரைகிறவர்கள், குறிப்பெடுக்கிற மாணவர்கள். அவர்களுக்காக டேப் விசைப்பலகையும் பேனாவும் சேர்த்துக்கொண்டு பாதிக் கணினியாக மாறிவிட்டது. பேனா வைத்தால் தோற்றுவிட்டார்கள் என்று அர்த்தம் என ஜாப்ஸ் 2010-ல் சொன்னார். 2015-ல் ஐபேட் ப்ரோவோடு ஆப்பிள் பேனாவை விற்றது.

அரசு டேப் வந்ததில் மைத்துனருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். டேப் விற்பனை மொத்தமாகப் போய்விட்டதே. கணக்கு வேறு மாதிரி வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கண்ணாடிச் சாமான். முதல் மாதமே திரைக் கண்ணாடி, உறை, சார்ஜர் கேட்டு வரிசை. உடைந்த திரையோடு அழுதுகொண்டே வரும் பிள்ளைகள், பின்னாலேயே அப்பா. கடையில் பழுது பார்க்கும் பையன் புத்தூர்க்காரன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற புத்தூர்தான். “எங்க ஊர்ல எல்லாத்துக்கும் கட்டு உண்டு சார்” என்பான். பாடம் மட்டும் ஓடும்படி பூட்டியிருந்த டேப்பைத் திறந்து விளையாட்டு போட்டுத் தரச் சொல்லியும் சிலர் வந்தார்கள். மைத்துனர் துரத்திவிட்டார். டேப்பே விற்காமல் 2023-ல் டேப்பால் அவர் சம்பாதித்தது, 2013-ல் இழந்ததைவிட அதிகம்.

பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. டேப்கள் வீடுகளில் இருக்கின்றன. பெரும்பாலும் தம்பி, தங்கை கையில்.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, விருப்பப்படி, என்று அறிவித்தார்கள். திருத்தணியில் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் எது வேண்டும் என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தாள். “லேப்டாப்தான்ப்பா. டேப்ல என்ன பண்றது, போன்தான் இருக்கே.”

இந்த மார்ச்சில் ஆறு டேப்பையும் சரக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். உப்பிய பேட்டரிகளைக் கழற்றி மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்தாயிற்று. கடையில் இப்போது டேப் இருப்பு வைப்பதில்லை. வேண்டும் என்கிறவரிடம் ₹2,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு நாளில் தருவித்துக் கொடுக்கிறார். அதற்கென்று ஒரு தனி நோட்டு. உறை நிறத்துக்காக அல்ல, இப்போது ‘யாருக்கு, எதுக்கு’ என்று கோடு போட்டுத் தனிப் பத்தியே வைத்திருக்கிறார். சென்ற வாரம் பார்த்தபோது கடைசியாக எழுதியிருந்தது: ‘அம்மாவுக்கு. சீரியல். எழுத்து பெருசா தெரியணும்.’